அபோபிஸ் வரும் வழி

2004 டிசம்பர் 27, ஆழிப்பேரலைக்கு மறுநாள். நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோனவர்களை உறவுகள் தேடித் திரிந்த நாள். மட்டக்களப்பில் யாருக்கும் வானத்தைப் பார்க்க மனம் இருந்திருக்காது. அதே நாளில், அபோபிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற சிறுகோளொன்று 2029 ஏப்ரல் 13இல் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 2.7 வீதம் வரை ஏறியது. அதுவரை எந்தச் சிறுகோளுக்கும் அவ்வளவு உயர்ந்த வாய்ப்புக் கணிக்கப்பட்டதில்லை. அன்றே அந்த அச்சம் நீங்கியும் விட்டது.

வாய்ப்பு ஏன் இப்படி ஏறி, பின் மறைகிறது? தொலைநோக்கி தருவது திசையை மட்டுமே. ஒரே வான்பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் படம் எடுப்பார்கள். விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அது கிட்டவா எட்டவா என்று படம் சொல்லாது. பல இரவுகளில் திசை மாறும் விதத்தைச் சூரியனின் ஈர்ப்போடு பொருத்திப் பார்த்தே சுற்றுப்பாதையைக் கணிக்கிறார்கள். வாவியில் வலை விட்ட இடத்தை நினைவில் வைக்கக் கரையில் இரண்டு அடையாளங்கள் வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் இடம் பிசகிப்போகும். சிறுகோளுக்கும் சில நாள் அளவீடுகள் போதாது, மாதக்கணக்கில் தள்ளியிருக்கும் அளவீடு வேண்டும்.

தொடக்கத்தில் கையிலுள்ள அளவீடுகளுக்குப் பொருந்தும் பாதைகள் எண்ணற்றவை. 2029ஐ எட்டும்போது அவை விண்வெளியில் நீண்ட பட்டையாக விரியும். பூமி அதற்குள் ஒரு துளி. புதிய அளவீடு சேரச் சேரப் பட்டை குறுகும். பூமி இன்னும் உள்ளேயே இருந்தால் பட்டையில் அதன் பங்கு பெருகி, வாய்ப்பும் ஏறும். பட்டையின் விளிம்பு பூமியைக் கடந்ததும் வாய்ப்பு ஒரேயடியாக இல்லாமற்போகும். செய்தியில் வீதம் ஏறுவதைக் கண்டு பதறுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். அபோபிஸ் விடயத்தில் பட்டையைக் குறுக்கியவை 2004 மார்ச் 15இல் எடுக்கப்பட்டு, கவனிக்கப்படாமற் கிடந்த படங்கள். 2021 மார்ச்சில் ராடார் அலைகளால் தூரத்தையே நேரடியாக அளந்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லை என்று உறுதியானது.

இந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பதை நம் தீவின் தென்கடலே ஒருமுறை பார்த்தது. 2015 ஒக்டோபர் 3இல் அமெரிக்காவின் கற்றலீனா வானாய்வுக் குழு டபிள்யூ.டி.1190எஃப் என்ற பொருளைக் கண்டது. 2013 படங்களிலும் அது இருந்தது. சூரிய ஒளியின் மென்மையான அழுத்தமே அதன் பாதையைத் தள்ளியதால், உள்ளே வெறுமையான பொருள் என்று தெரிந்தது. நிலவுக்குச் சென்ற ஏதோ ஒரு கலத்தின் மிச்சமாக இருக்கவேண்டும். 1998இன் லூனர் புரொஸ்பெக்டரை அனுப்பிய பாகம் என்பதே பலரின் கருத்து. நவம்பர் 13 முற்பகல் 11.48க்கு எங்கே விழும் என்பது முன்னரே கணிக்கப்பட்டு, அந்தப் பகுதிக் கடலுக்குப் போகவேண்டாம் என்று மீனவர்களுக்குச் சொல்லப்பட்டது. முகில்களுக்கு மேலே விமானத்தில் காத்திருந்த ஆய்வாளர்கள், சொன்ன நேரத்திலேயே அது எரிந்து சிதறுவதைப் பதிவு செய்தனர்.

ஏறத்தாழ 340 மீற்றர் அகலமான அபோபிஸ், நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 அளவில், நிலத்திலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் உயரத்தில் கடக்கும். சில செயற்கைக்கோள்கள் அதைவிடத் தொலைவில் சுற்றுகின்றன. பூமியின் ஈர்ப்பு அதன் சுற்றுப்பாதையை அகட்டிவிடும். சூரியனைச் சுற்ற ஓராண்டுக்கும் குறைவாக எடுத்தது, பின்னர் ஓராண்டுக்கு மேல் எடுக்கும். அந்த இரவுக்குப் பின் எடுக்கும் அளவீடுகளைக் கொண்டு பாதையை மறுபடி கணிக்கவேண்டியிருக்கும்.