தீரா நோயும் திருந்திய வாழ்வும்

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர் வள்ளுவர். இந்நான்கனுள் வைத்தியனும் மருந்தும் முற்றாகத் தீர்க்கவியலாத நோவுகளும் உலகில் உள. மூட்டுவாதம், முதுகு நோவு, ஒற்றைத் தலைவலி முதலியன ஆண்டுக்கணக்காக நீடிக்குமிடத்து அத்தன்மையவாதல் உண்டு. இத்தகைய நெடுநாள் நோவுகள் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாக வருத்துகின்றன. அந்நிலையில் எஞ்சி நிற்பன நோயாளியும் துணைசெய்வோரும் ஆகிய இரு கூறுகளே. அவ்விரண்டையுங்கொண்டு செம்மையாக வாழ்தல் கூடுமோ என்னும் வினாவுக்கு விடை தருவது புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பிற்கால வாழ்க்கையாகும்.

1820ஆம் ஆண்டிற் பிறந்த அம்மையாரைக் கிரைமியப் போரில் விளக்கேந்திய மாதாகவே உலகம் அறியும். ஆயின், அப்பணி இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தது. 1855ஆம் ஆண்டு மே மாதத்திற் போர்முனையிலே கடுங்காய்ச்சலுற்றுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்ட அவர், 1857இல் இலண்டனில் மீண்டும் நோய்வாய்ப்பட்டார். 1861இன் இறுதியில் முதுகெலும்பு நோவு முற்றவே, நடத்தலும் அரிதாயிற்று. சில ஆண்டுகள் பிறர் அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

அவருடைய நோய் இன்னதென அக்கால வைத்தியர் அறிந்திலர். நரம்புத் தளர்ச்சி என்றனர் சிலர். பாசாங்கு என்றும் பிற்காலத்தார் சிலர் எழுதினர். 1887இலேதான் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் என்னும் வைத்தியர், ஆட்டுப்பால் வழியாகப் பரவுவதெனப் பின்னர் அறியப்பட்ட ஒரு காய்ச்சலின் கிருமியைக் கண்டறிந்தார். அந்நோய் நாட்பட்டால் முதுகு நோவும் சோர்வும் உளவாட்டமும் மாறி மாறி வரும். அம்மையாரை வருத்தியது இதுவே ஆகலாமென 1995இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த கட்டுரை காட்டிற்று. காரணம் புலப்படாமை நோவு இல்லாமைக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

நோவினிடையே அம்மையார் கைக்கொண்ட நெறி எளியது. தம் வலிமையை அளந்தறிந்து, அதனை இன்றியமையாத பணிக்கே செலவிட்டார். காணவந்தோரை முன்னரே நேரங்குறித்து ஒருவர் ஒருவராகவே சந்தித்தார். கூட்டங்களுக்குச் செல்லாது கடிதங்களாலும் அறிக்கைகளாலும் கருமம் முடித்தார். 1860இல் அவர் பெயரால் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினரின் சுகாதாரம் பற்றிய 1863ஆம் ஆண்டின் பெரும் அறிக்கைக்கு அவர் உழைத்ததும் நோயுற்ற நிலையிலேயே.

துணைசெய்வோர்க்குரிய நெறியை 1859இல் எழுதிய தாதித்தொழில் பற்றிய நூலிலே அவர் கூறினார். நோயாளியின் செவியில் அரைகுறையாக விழுமாறு இரகசியம் பேசுதல், திடீரெனப் பின்னின்று அழைத்தல், நிலைமையறியாது வெற்று நம்பிக்கை கூறுதல், கேளாத அறிவுரைகளை அடுக்குதல் என்பன நோயினும் கொடியன என்பது அவர் கருத்து. சாளரத்தினூடே ஒரு காட்சி, வண்ணமலர், வளர்ப்புப் பிராணி முதலியன நெடுநாட் படுக்கையிலிருப்போர்க்கு உண்மையான ஆறுதல் தருவன என்றும் அவர் கண்டார்.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. தந்தையார் ஆண்டுதோறும் அளித்த 500 பவுணும், ஏவல் செய்வோரும் அம்மையாருக்கு இருந்தனர். அடுப்படியும் பிள்ளைகளும் தம் பொறுப்பேயாகிய பெண்ணொருத்திக்கு அவ்வாய்ப்பு ஏது? தன் வலிமையை அளந்து செலவிட அவள் விரும்பினும், இல்லத்தார் இடங்கொடாவிடின் அஃது இயலாது. முகத்தில் வாட்டமில்லை என்பதனால் நோவில்லை என எண்ணாது அவள் சொல்லை நம்புதலும், வேலையைப் பகிர்ந்துகொள்ளுதலும், ஓய்வைச் சோம்பல் எனப் பழியாமையுமே அவளுக்கு வாய்க்கவேண்டிய செல்வமாகும்.

முதுமையில் அம்மையாரின் நோவு தணிந்தது. தொண்ணூறாண்டு வாழ்ந்து 1910இல் மறைந்தார். நோவு தணியுமென்று காத்திராமல், அஃது இருக்கும்போதே வாழத் தொடங்கியமையே அவர் பெருமை. அவ்வாறு வாழ முயலும் பெண்ணுக்கு அருகிருந்து துணைநிற்பதும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பதை ஒவ்வோர் இல்லமும் உணர்தல் வேண்டும்.