உங்களுக்குத் தெரியுமா? – வாக்கியத்தின் ஈற்றில் பிரிபொசிஷன் வரலாகாதா?

ஆங்கில வாக்கியத்தைப் பிரிபொசிஷன் எனப்படும் முன்னிடைச்சொல்லால் முடித்தல் ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டுவரும் விதி, அந்தப் பாஷையின் சுபாவத்திலிருந்து பிறந்ததன்று. 1672-ஆம் ஆண்டில் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முற்பட்ட நாடகாசிரியராகிய பென் ஜான்சனின் நடையை ஆராயப் புகுந்தபோது, இப்பிரயோகத்தை ஒரு தோஷமாக எடுத்துக்காட்டி, அது தம்முடைய எழுத்திலும் நேர்ந்திருப்பதைக் கூறியதோடு, பிற்பாடு 1684-இல் நாடகக் கவிதை பற்றிய தமது பழைய கட்டுரையை மறுபதிப்புச் செய்கையில் அத்தகைய வாக்கியங்களைத் தேடித் திருத்தவும் செய்தார்.

1762-இல் ஆங்கில இலக்கண நூல் இயற்றிய ராபர்ட் லௌத் என்னும் சமய குருவோ, சம்பாஷணைக்கும் சாதாரண நடைக்கும் அது பொருந்துவதே என்றும், கம்பீரமான நடையில் மட்டும் தவிர்த்தல் அழகு என்றும் மிதமாகவே அபிப்பிராயம் சொன்னார். அந்த மிதம் மறக்கப்பட்டு, பின்வந்த பாடநூல்களில் அது கடுந்தடையாக மாறியது வருந்தத்தக்கதே. 1926-இல் வெளிவந்த தமது பிரயோக அகராதியில் ஹென்றி ஃபௌலர் இத்தடையை மூடநம்பிக்கை என்றே கண்டித்தார்.

ஆதலின், 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று எழுத நேயர்கள் சிறிதும் அஞ்ச வேண்டுவதில்லை. அது பிழையற்ற ஆங்கிலமே.