‘கேட்டலிஸ்ட் போச்சு’ என்கிறாரா மெக்கானிக்? காசு கொடுக்கும் முன் இதைக் கவனிங்க

மூவாரிலிருந்து பாகோ வழியாக நெடுஞ்சாலை ஏறுகிறீர்கள். டேஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேன் செய்தால் ‘பி0420’ என்று வருகிறது. “கேட்டலிஸ்ட் போச்சு, மாத்தணும்” என்கிறார்கள். அசல் பாகம் என்றால் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைத் தொடலாம்.

உண்மையிலேயே மாத்தணுமா?

அதன் வேலை என்ன?

எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். அவைதான் விலைக்குக் காரணம். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை இது கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜனாக மாற்றுகிறது.

பி0420 சொல்வது என்ன?

கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் உண்டு. பெரும்பாலான கார்களில் முன் சென்சாரின் அளவு வேகமாக ஏறி இறங்கும். பின் சென்சாரின் அளவு ஏறக்குறைய சீராக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாக கார் கணினி முடிவு செய்கிறது. ஏன் குறைந்தது என்பதை அது சொல்லாது.

என்னென்ன பார்க்கணும்?

• பி0300 வரிசையில் வேறு கோடும் இருக்கிறதா? அப்படியென்றால் மிஸ்ஃபயர். முதலில் ஸ்பார்க் பிளக், காயிலைச் சரி செய்யணும்.

• எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருக்கிறதா? வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சார் தப்பாகக் காட்டும். புகை காருக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

• எஞ்சின் ஆயில் அல்லது கூலண்ட் குறைந்துகொண்டே போகிறதா? அவை எரிந்தால் தேன்கூட்டின் மேல் படிந்து அதைக் கெடுக்கும்.

• மேட்டில் கார் இழுக்கவில்லையா? உள்ளே அடைப்பு இருக்கலாம்.

• ஆறிய பிறகு தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கிறதா? பீங்கான் உடைந்திருக்கும். அப்போது மாத்தத்தான் வேணும்.

விளக்கு மின்னினால்?

விளக்கு விட்டு விட்டு மின்னினால் காரை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும்.

காரணத்தைச் சரி செய்யாமல் புதியதைப் போட்டால், அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும். ஆகவே பட்டறையில் “எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன், “ஏன் கெட்டுச்சு?” என்று கேளுங்கள்.