கோலாலம்பூர் – சென்னை: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வானில் நான்கு மணி

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். விமானம் இதைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. ஆனால் டிக்கெட்டில், காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் 10.30க்கே சென்னையில் இறங்குவதாக இருக்கும். திரும்பும்போது 11.30க்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்கு வந்து சேர்வதாக இருக்கும். போகும்போது வேகம், வரும்போது மெதுவா?

அப்படியில்லை. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. முன்பு இது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்று தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. ஆகவே சென்னையில் இறங்கும் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும்.

இது வெறும் கடிகாரக் கணக்கு அல்ல. எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிய காலத்தில் ஊருக்குப் போய்ச் சேர நாள் கணக்கு. ஊரில் ஒருவர் தவறிவிட்டால் கடைசியாக முகம் பார்க்க வழியில்லை. இன்று வழி இருக்கிறது. "எத்தனை மணிக்கு வருவீர்கள்? எடுக்காமல் வைத்திருக்கிறோம்" என்று கேட்பவர்களுக்குச் சரியான நேரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூருக்குப் போகும் கிள்ளான் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிப்பாங் விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம். (பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடம், இரண்டாவது முனையத்துக்கு 33 நிமிடம்.) மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். வானில் நான்கு மணி. குடிநுழைவுச் சோதனை, பெட்டி என்று ஒரு மணி. ஆக, சென்னையில் வெளியே வரவே ஒன்பது மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூருக்கு இன்னும் ஆறேழு மணி நேரம்.

திருச்சிக்கு நேராகப் பறந்தால்? வான்வழித் தூரம் சென்னையைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள். தூரம் கூடினாலும் வீட்டு வாசலை ஐந்து மணி நேரம் முன்னதாக மிதிக்கலாம்.

திரும்பும்போது தேதியையும் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்கள் உண்டு. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.