ரெண்டு ஏர்லைன்ஸ் ஒண்ணானா, பைலட்ல யார் சீனியர்?

ஒரு பைலட் எப்போ கேப்டன் ஆவார், எந்த விமானம் ஓட்டுவார் என்பதெல்லாம் பெரும்பாலும் சீனியாரிட்டி லிஸ்ட்டில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்ததுதான். சம்பளமும் அதோடு சேர்ந்தே ஏறும். சரி, ரெண்டு கம்பெனி இணைந்தால் எந்த லிஸ்ட் செல்லும்? வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பார்ப்பதா, கேப்டன் ஆன தேதியைப் பார்ப்பதா? ஒரு கம்பெனி சீக்கிரமே புரமோஷன் கொடுத்திருந்தால், இன்னொன்றில் முன்னாடியே சேர்ந்தவர்கூட பின்னாடி போய்விடுவார்.

2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. பைலட்கள் இணையவில்லை. 2011-ல் சம சம்பளம் கேட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு ஸ்ட்ரைக். அடுத்த வருஷமே ஏர் இந்தியா தரப்பு. புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனரை ஓட்ட அவங்களுக்கும் பயிற்சியா, அப்போ நம்ம புரமோஷன் தள்ளிப்போகுமே என்ற பயம்தான் காரணம். 58 நாள் நீடித்தது. 100 பைலட்களுக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேலைக்குத் திரும்புகிறோம் என டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்ன பிறகுதான், ஜூலையில் ஸ்ட்ரைக் முடிந்தது.