திருக்கோவில் மணலும் நிந்தவூர்க் கரையும்

கல்முனையிலிருந்து தெற்கே போனால், அக்கரைப்பற்றுக்கு அப்பால் தம்பிலுவில், திருக்கோவில். அந்தக் கரையில் கறுப்பாகப் படிந்திருப்பது இல்மனைட். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்டுக்கான டைட்டானியம் இதிலிருந்துதான் வருகிறது. அதை அகழ வரும் முயற்சிகளைத் திருக்கோவில் மக்கள் சில வருடங்களாகவே எதிர்த்து வருகிறார்கள். நம் முஸ்லிம் ஊர்களிலோ, அது தமிழ் ஊர்க்காரரின் பிரச்சினை என்று பேசாமல் இருப்போர்தான் அதிகம். ஒலுவிலைக் கண்ட பிறகும் இப்படி இருப்பது எனக்கு விளங்கவில்லை.

2013 செப்டம்பரில் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதடுப்புக் கற்கள் அதை மறித்தன. துறைமுக வாய் மணலால் மூடிக்கொண்டது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் ஊருக்குள் ஏறியது. தென்னைகள் சரிந்தன. தோணி ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் இருந்த கரை போனது. இழந்தவர்களில் பலர் துறைமுக மதிலுக்கு வெளியே, அடுத்த ஊரில் இருந்தவர்கள்.

திருக்கோவில் ஒலுவிலுக்கும் தெற்கே இருக்கிறது; அங்கே கரை குலைந்தால் அது வடக்கே உள்ள நம்மையும் தொடும். கனமான தாதுவை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மீதி மணலை அங்கேயே போட்டுவிடுவோம் என்பது அகழ்வோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அடம்பன் கொடி பிடித்து வைத்திருந்த மேட்டைக் குலைத்துக் கொட்டிய மணல் மாரிக் கடலுக்கு எத்தனை நாள் தாங்கும்? 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை, 10,000 பேருக்கு மேல், பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். மணல் மேட்டின் பெறுமதியை இங்கே யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் மதிப்பீடு அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணியைச் சுற்றித்தான் நிற்கிறது. தூசு, சத்தம், கிணற்று நீர் எல்லாம் அளக்கலாம். எந்த வாடிக்காரர் எந்தக் கரைவலைப் பாட்டில் வலை வளைக்கிறார், கருவாடு காயப்போடும் பெண்கள் எங்கே போவார்கள் என்பதற்கு எந்தக் கருவியும் இல்லை. கேட்டுத்தான் எழுத வேண்டும்.

வடக்கே வாகரையில் நிலைமை இன்னும் மோசம். அங்கும் இல்மனைட் அகழ்வுக்கு எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பிரதேசத்தில் கரையோர வேடர் சமூகத்தினர் வாழ்கிறார்கள். கடல், களப்பு, காடு மூன்றிலும் தலைமுறைகளாகப் புழங்கியவர்கள். அந்தப் புழக்கத்துக்கு எந்த உறுதியும் எழுதப்படவில்லை. உறுதி இல்லாதவர் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் எப்படி வருவார்? பழங்குடியினர் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாகக் கை உயர்த்தியது. ஆனால் சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் சமவாயத்தில் இன்னும் இணையவில்லை. இப்படிப்பட்ட நிலங்களில் பண்பாட்டு, சமூகத் தாக்கங்களையும் சேர்த்து அளக்கச் சொல்லும் அக்வே கோன் வழிகாட்டல்கள் 2004இலேயே வந்துவிட்டன. அவை கட்டாயமல்ல, அதுதான் வசதி.

அகழ்வு நடந்த ஊருக்கு உதாரணமாகப் புல்மோட்டையும் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில் 1957இல் தொடங்கிய அரச கூட்டுத்தாபனத்தின் தொடர்ச்சி இன்றும் கனிய மணலை அள்ளுகிறது. தாது பெரும்பாலும் பெயின்டாக மாறாமல், தாதுவாகவே கப்பலேறுகிறது. புதிதாக ஒரு அனுமதிப்பத்திரம் கொடுக்குமுன் அதிகாரிகள் அங்கே போய், ஊருக்கு என்ன மிஞ்சியது என்று விசாரிக்கலாம்.

நம் மீனவர் சங்கங்களும் சபைகளும் திருக்கோவிலாருடன் சேர்ந்து கையெழுத்திடுவது ஒரு வேலை. இன்னொன்று அதைவிட அவசரமானது: நிந்தவூரிலிருந்து மருதமுனை வரை கரையின் அகலத்தை ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, படம் பிடித்து, திகதி போட்டு வைப்பது. அந்தப் பதிவு கையில் இல்லாவிட்டால், நாளைக்குக் கடல் ஏறும்போது இந்தக் கரை எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று ஒரு அறிக்கை எழுதிவிட்டுப் போவார்கள்.