புதுசா மாடு பிடிச்சீங்களா? இன்சூரன்ஸ் போடும் முன் இதைப் படியுங்க



போன முறை கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டு இருக்கும்போது ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங்க மேடம், நமக்குக் காப்பீட்டு அட்டை இருக்குது, ஆஸ்பத்திரியில காட்டுறோம். அதே மாதிரி மாட்டுக்கும் இன்சூரன்ஸ் போட்டுட்டா வைத்தியச் செலவை அவங்களே பார்த்துக்குவாங்கல்லங்க?" பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இந்த இதழில் மாட்டு இன்சூரன்ஸ் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். இல்லீங்க, நாம் போடுகிற மாட்டு இன்சூரன்ஸ் வைத்தியத்துக்குப் பணம் தராது. மடிவீக்கத்துக்கு ஊசி போட்டாலும் சரி, ஈனமுடியாமல் தவித்து ராத்திரியில் டாக்டரைக் கூப்பிட்டாலும் சரி, அந்தச் செலவு நம்முடையதுதான். மாடு இறந்தால் பணம் வரும். நிரந்தர ஊனத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் அதற்கும் வரும். அவ்வளவுதான். வைத்தியத்துக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இந்த எண்ணைக் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

அப்படியானால் எதுக்குத்தான் இன்சூரன்ஸ்? கடனுக்காக. நாம் கையில் காசு வைத்துக்கொண்டு மாடு பிடிப்பதில்லை. வங்கிக் கடனோ சங்கத்து உள்கடனோ வாங்கித்தான் பிடிக்கிறோம். மாடு செத்துப் போனாலும் கடன் சாகாது. மாதத் தவணை அதே தேதியில் வந்து நிற்கும். பால் காசு மட்டும் வராது.

நம்ம பக்கத்துக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். கருங்கல்பாளையம் சந்தையில் இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பு மாடு ஒன்றை 52,000 ரூபாய்க்குப் பிடித்து வந்தார். இன்சூரன்ஸும் போட்டாச்சு. காதில் வில்லை மாட்டி போட்டோவும் எடுத்தாச்சு. ஒரு மாதம் கழித்து மேய்ச்சலில் வேலி முள்ளில் மாட்டி அந்த வில்லை பிய்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை கிடைத்ததே என்று எடுத்து வந்து, கழுவித் துடைத்து, சாமி மாடத்தில் பத்திரமாக வைத்துவிட்டார். நாலு மாதம் கழித்து மாடு வயிறு உப்பி ஒரே ராத்திரியில் இறந்துபோனது. விடிந்ததும் மாடத்தில் இருந்த வில்லையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கம்பெனியில் ஒரே பதில்தான்: இறந்த மாட்டின் காதில் வில்லை இல்லை, அதனால் பணம் இல்லை.

அவர் ஒன்றும் ஏமாற்றவில்லை. வில்லையைத் தொலைக்கக்கூட இல்லை. ஆனால் கம்பெனிக்காரர் பார்வையில் யோசித்துப் பாருங்கள். ஊரில் அதே நிறத்தில் பத்து மாடு இருக்கும். இன்சூரன்ஸ் போட்ட மாடு இதுதான் என்று சொல்லும் சாட்சி காதில் இருக்கும் எண் மட்டும்தான். கையில் இருக்கும் வில்லையை எந்த மாட்டுக்கும் சொல்லலாம். "வில்லை இல்லை என்றால் கிளெய்ம் இல்லை" என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது, ஆங்கிலத்தில்! விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நாங்கள்தான். அந்த வரியைப் படித்துச் சொல்லாமல் விட்டதும் நாங்கள்தான். அந்த அக்கா முப்பத்தாறு தவணையில் ஏழுதான் கட்டியிருந்தார். மீதியை இப்போது நூறு நாள் வேலையிலும் களை எடுக்கப் போயும் கட்டிக்கொண்டு இருக்கிறார். இரண்டு மாதம் குழுவே போட்டுக் கட்டியது.

அதனால் வில்லை விழுந்தால் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புது வில்லை போட்டு, மாடும் நீங்களும் தெரியும்படி ஒரு போட்டோ, வில்லை எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, பாலிசியில் புது எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். இப்போது அரசு போடும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். சில கம்பெனிகள் தனி வில்லையும் போடுவார்கள். பாலிசித் தாளில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் செல்லும். தாளில் ஒரு எண் தப்பாக டைப் ஆகியிருந்தாலும் சிக்கல்தான். வாங்கிய அன்றே மாட்டின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சரிபாருங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி புது மாடு விஷயம். சந்தையில் சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், மடி பார்க்கிறோம். காதையும் பாருங்கள். வில்லை இருந்தால் விற்பவரிடம் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறாரா, தாள் எங்கே என்று கேளுங்கள். பாலிசிக் காலம் மீதி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. மாற்றாமல் விட்டால் அது உங்களுக்கும் ஆகாது, விற்றவருக்கும் ஆகாது. தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அடுத்த மாட்டைப் பார்க்க வேண்டும்.

வயதும் முக்கியம். சாதாரணமாகக் கறவைப் பசுவுக்கு 2 வயதிலிருந்து 10 வயது வரைக்கும்தான் இன்சூரன்ஸ் போடுவார்கள். மானியத் திட்டங்களில் இதைவிடக் குறுக்குவதும் உண்டு. எட்டுப் பல்லும் சேர்ந்த மாடு என்றால் ஐந்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எத்தனை ஈத்து என்பது விற்பவர் வாயில்தான் இருக்கிறது. விலை குறைவு என்று கிழட்டு மாட்டைப் பிடித்தால் இன்சூரன்ஸும் கிடைக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசி தொடங்கிய முதல் 15 நாட்களுக்குள் மாடு நோயில் இறந்தால் பணம் கிடையாது. விபத்து என்றால் மட்டும் உண்டு. புது மாட்டுக்கு இந்த 15 நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள். சந்தையில் நூறு மாட்டோடு நின்று, டெம்போவில் நின்றபடி வந்து, தீவனமும் தண்ணியும் மாறியிருக்கும். காய்ச்சல், கழிச்சல் எல்லாம் அப்போதுதான் வரும். அதனால் ஒன்று, மாடு வந்த அதே வாரத்தில் இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள். "கன்னு போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டால் அந்த 15 நாளும் சேர்ந்து தள்ளிப் போகும். இரண்டு, அந்த 15 நாளும் புது மாட்டைப் பழைய மாட்டோடு கட்டாமல் தனியாகக் கட்டுங்கள்.

எங்கே போடுவது? மூன்று வழி இருக்கிறது. முதலில் கால்நடை மருந்தகத்தில் மானியத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தின் பெரும் பகுதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி, நம் பங்கு 15 சதவீதம் போதும் என்று ஆக்கியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் மாட்டுக்கு வருடப் பிரீமியம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,500 ரூபாய். அதில் நம் பங்கு 225 ரூபாய்தான். பத்து லிட்டர் பால் காசுகூட ஆகாது. ஆனால் இது எல்லா மாதமும் இருக்காது. மாவட்டத்துக்கு இத்தனை கால்நடை என்று ஒதுக்கீடு வரும், முந்தியவர்களுக்குக் கிடைக்கும். ஆடு வைத்திருப்பவர்களும் கேளுங்கள், பத்து ஆட்டை ஒரு மாடு என்று கணக்கு வைத்து அதில் சேர்ப்பார்கள்.

இரண்டாவது வழி, கடன் கொடுத்த வங்கி. நிறைய வங்கிகள் கடனோடு சேர்த்தே இன்சூரன்ஸ் போட்டு, பிரீமியத்தைக் கடனில் பிடித்துக்கொள்ளும். பாலிசியும் வங்கி அலமாரியிலேயே இருக்கும். கேட்டால், "அதெல்லாம் பேங்க்ல பார்த்துக்குவாங்க" என்பீர்கள். பார்த்துக்கொள்வது பல நேரம் முதல் வருடம் மட்டும்தான்! இரண்டாம் வருடம் புதுப்பித்தார்களா என்று நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். நகல் ஒன்று வாங்கி வையுங்கள். கிளெய்ம் பணம் வந்தால் வங்கி முதலில் கடன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தரும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மூன்றாவது, நாமே நேராகக் கம்பெனிக்குப் போய்ப் போடுவது. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா போன்ற அரசுக் கம்பெனிகளும் போடுகின்றன, தனியார் கம்பெனிகளும் போடுகின்றன. முழுப் பிரீமியமும் நம் தலையில்தான். மானியத் திட்டம் திறக்கட்டும் என்று ஆறு மாதம் காத்திருப்பதைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து. பால் சங்கத்தில் மொத்தமாகப் போடுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு வருடமா, மூன்று வருடமா என்று கேட்பார்கள். முடிந்தவரை மூன்று வருடம் போடுங்கள். வருடா வருடம் போடுவதைவிட மொத்தத்தில் குறைவாக வரும், புதுப்பிக்க மறக்கும் கவலையும் இல்லை. கடன் தவணையும் பெரும்பாலும் மூன்று வருடம்தானே.

தொகையைக் குறைத்துப் போட்டு நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கிறார்கள் சில பேர். மாடு 52,000, இன்சூரன்ஸ் 30,000 என்று போட்டால் கிடைப்பது 30,000தான். மீதி 22,000 யார் கட்டுவது? மாட்டின் மதிப்பை டாக்டர் சொல்லும்போது கூடவே நின்று, எத்தனை லிட்டர் கறக்குது, என்ன விலைக்குப் பிடித்தோம் என்று பேசுங்கள். கூச்சப்பட வேண்டாம். நிரந்தர ஊனம் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள். கறவை மாட்டுக்கு ஊனம் என்றால் கால் ஒடிவது மட்டும் இல்லை. இனிமேல் சினை பிடிக்காது, பால் கறக்காது என்று ஆவதும் அதில் வரும். கொஞ்சம் பிரீமியம் கூடும். பெரும்பாலும் போட்ட தொகையில் 75 சதவீதம் தருவார்கள்.

திருட்டுப் போனால், காணாமல் போனால் பணம் இல்லை. இன்சூரன்ஸ் போடும் முன்பே இருந்த நோய்க்கு இல்லை. கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் போன்றவற்றில் இறந்தால் தடுப்பூசி போட்ட சான்று கேட்பார்கள். கோமாரி ஊசி அரசு முகாமில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகவே போடுகிறார்கள். போட்டதும் தேதியை எழுதி வாங்கி வையுங்கள். அதே மாதிரி, படிக்காதவரிடம் ஊசி போட்டு மாடு இறந்தால் அதையும் காரணம் காட்டி மறுக்கலாம். ஊரில் ஊசி போடுகிறவர் உடனே வருவார், கடன் சொல்லலாம், எல்லாம் தெரியும். ஆனாலும் டாக்டர் சீட்டு ஒன்று கையில் இருப்பது நல்லது.

கடைசியில், இறந்த அன்று என்ன செய்வது. அழுகையும் பதட்டமுமாக இருக்கும், உடனே குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்று ஆண்கள் சொல்வார்கள். தோல் வியாபாரியும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நிற்பார். விடாதீர்கள். முதலில் கம்பெனிக்குப் போன், அடுத்து கால்நடை டாக்டருக்குப் போன். வில்லையோடு காது தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை முடித்து, கம்பெனி ஆள் வந்து பார்த்தபின், அல்லது வரவில்லை என்று சொன்னபின்தான் புதைக்க வேண்டும். வில்லையைத் தனியாகக் கழற்றாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி காதோடு எடுத்துக் கொடுங்கள். கேட்கும் தாள்கள் நாலுதான்: தகவல் கொடுத்ததற்கான சான்று, பாலிசி, கிளெய்ம் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. மானியத் திட்டத்தில் போட்டிருந்தால், எல்லாத் தாளும் கொடுத்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் 12 சதவீதம் வட்டியோடு தர வேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. அலைய விட்டால் இந்த வரியைச் சொல்லிக் கேளுங்கள், எழுதிக் கொடுக்க நாங்கள் கூட வருகிறோம்.

நாய்க்குட்டி எடுத்து வளர்க்கும் ஒரு தங்கை, நாய்க்கும் இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சா என்று சொல்லம்மா.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மாடு வைத்திருக்கும் எல்லோரும் பாலிசித் தாளோ நகலோ எடுத்து வாருங்கள். வங்கியில் இருக்கிறது என்பவர்கள் அதற்குள் போய் நகல் வாங்கிவிடுங்கள். மாட்டின் காதில் இருக்கும் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். இரண்டையும் ஒத்துப் பார்த்து, முடியும் தேதியைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.